வெள்ளைக் கோட்டில் ஒரு வான்சண்டை

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், படத்தை நிதானமாகவே பார்க்கலாம். ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’, பிரிட்டிஷ் ஓவியர் பால் நாஷ் 1941-இல் வரைந்தது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமானச் சண்டை என்றார்களே, விமானம் எங்கே என்று தேடுகிறீர்கள் அல்லவா? ஆறடி அகலத் துணியில் விமானங்கள் வெறும் பொட்டுகள்தான். வானம் முழுக்கச் சுருள் சுருளாக வெள்ளைக் கோடுகள்.

அது புகையில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் வெளிவரும். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் உயரத்துக் கடுங்குளிரில் அது சட்டென்று பனித்துகளாக உறைந்துவிடும். காற்றில் ஈரம் இருந்தால் வெகுநேரம் கலையாது. விமானம் போயே போயிருக்கும், தடம் மட்டும் நிற்கும். பிரிட்டனும் ஜெர்மனியும் வானில் மோதிய 1940 கோடையில் தென்கிழக்கு இங்கிலாந்து ஜனங்கள் அண்ணாந்து பார்த்தது பெரும்பாலும் இந்தத் தடங்களைத்தான்.

நாஷ் அதைப் பிடித்துக்கொண்டார். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் இருந்த தோட்டா, விடாமல் சுட்டால் பதினைந்து விநாடிக்குத்தான் காணும். அவ்வளவு சடுதியில் முடிகிற சங்கதி. விமானத்தை வரைந்தால் ஒரு கணம்தான் கிடைக்கும். தடத்தை வரைந்தால் யார் எங்கே திரும்பினார், எங்கே வளைத்தார் என்பதெல்லாம் வந்துவிடும்.

வலது மேல்மூலையைப் பாருங்கள். வரிசை குலையாமல் வருகிறதே, அது ஜெர்மன் படை. நடுவானுக்கு வந்தால் அந்த ஒழுங்கெல்லாம் போய், கோடுகள் பூவாக விரிகின்றன. கறுப்பாகக் கீழே சரிவதுதான் நிஜப் புகை, அடிபட்ட விமானம். அடியில் ஆறு வளைந்து கடலுக்குப் போகிறது, அதற்கப்பால் ஐரோப்பியக் கரை. இத்தனையையும் ஒருசேரப் பார்த்தவர் யாருமில்லை. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை நடந்ததை ஒரே அந்திப் பொழுதுக்குள் அடுக்கிவிட்டார் மனிதர்.

இத்தனைக்கும் நாஷ் ஆஸ்துமாக்காரர், பறக்கவே முடியாதவர். முதல் உலகப் போரில் பெல்ஜியத்துப் பதுங்குகுழிகளைக் கண்டவர். 1940-இல் விமானப்படை அமைச்சகத்தின் ஓவியராக அமர்த்தப்பட்டார். அங்கே சிலருக்கு அவர் பாணி ஒத்துவரவில்லை. விமானிகளின் முகம் வேண்டும், இயந்திரம் அச்சாக இருக்க வேண்டும் என்றார்கள். ஆண்டு முடிவில் ஒப்பந்தம் போனது. கென்னத் கிளார்க் தலைமையிலிருந்த போர் ஓவியர் குழு மட்டும் கைவிடவில்லை. வான்போர்ப் படங்களுக்கென்றே அவருக்கு 500 பவுண்டு ஒதுக்கியது.

அமைச்சகம் கேட்டதையும் தப்பென்று சொல்லமாட்டேன். ரிவெட் பிசகாமல் வரைய ஃபிராங்க் வூட்டன் போன்ற தேர்ந்த கைகள் இருந்தன. அவர் படத்தில் விமானத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம். சண்டை எப்படிப் போனது என்று கேட்டால் நான் நாஷின் படத்தைத்தான் காட்டுவேன்.