பாலம் ஒன்று, ஆட்கள் பதினாறு

மாணவர்களே, செஞ்சிக் கோட்டைக்குச் சென்றிருக்கிறீர்களா? ராஜகிரி மலையில் உச்சியை நெருங்கும்போது ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். அதைக் கடக்க இருப்பது ஒரு குறுகிய பாலம். எத்தனை பேர் ஏறி வந்தாலும் அங்கே வரிசையாகத்தான் போகவேண்டும். 1690இல் முற்றுகையைத் தொடங்கிய மொகலாயப் படைக்கு, 1698 வரை கோட்டை வசப்படவில்லை!

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய பாலம் உண்டு.

பலருக்கு ஒரே சமயத்தில் விவரம் வழங்கும் கணிப்பொறியை சர்வர் என்பர். அதன் மையச் செயலகத்தில் 'கோர்' எனப்படும் கணக்கிடும் பகுதிகள் பல இருக்கும். சில மென்பொருள்களுக்கு, இயங்கும் கோர்களை எண்ணி உரிமக் கட்டணம் வாங்குகிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இம்முறையிலும் விற்கப்படுகிறது.

ஒரு சர்வரில் 16 கோர்கள். இயங்குபவை 8 என்று வைத்துக்கொள்வோம். மீதி எட்டையும் இயக்கலாமா? உரிமச் செலவு இரு மடங்காகும். வேகமும் இரு மடங்காகுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோர் 100 நிமிடத்தில் முடிக்கும் வேலை. அதில் 90 நிமிட வேலையைப் பங்கிடலாம். 10 நிமிட வேலை பங்கிட முடியாதது. இதுதான் நமது பாலம்! 8 கோர்களுக்கு 10 + 90/8, அதாவது சுமார் 21 நிமிடம். 16 கோர்களுக்கு 10 + 90/16, சுமார் 16 நிமிடம். மிச்சம் ஏறத்தாழ ஐந்தரை நிமிடமே! ஆயிரம் கோர்கள் இருந்தாலும் 10 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த கருத்து இதுவே.

அப்படியானால் கூடுதல் கோர்கள் வீணா? இல்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். இலட்சக்கணக்கானோர் தனித்தனியே மதிப்பெண் கேட்கிறார்கள். ஒருவர் கேள்விக்கும் மற்றவர் கேள்விக்கும் தொடர்பில்லை. ஆகவே பங்கிடுவது எளிது. அன்று கூடுதல் கோர்கள் கைகொடுக்கும். போஸ்ட்கிரெஸ் போன்ற கட்டணமற்ற மென்பொருளானால் உரிமச் செலவும் இல்லை.

எனவே முதலில் அளந்து பார்க்கவேண்டும். மிகவும் நெருக்கடியான நேரத்திலும் இருக்கும் கோர்கள் ஓய்ந்திருந்தால், புதியவை வேண்டாம். அவை ஓய்வின்றி உழைத்தும் வேலை தேங்கினால், இயக்கலாம். தேக்கம் வட்டிலோ வலையமைப்பிலோ இருந்தால், கோர்களைக் கூட்டிப் பயனில்லை.

அடுத்த முறை ராஜகிரிப் பாலத்தின் முன் வரிசையில் நிற்கும்போது யோசியுங்கள்: நாம் காத்திருப்பது ஆள் குறைவாலா, பாலம் குறுகியதாலா?