ஹோம் தியேட்டர் ரிசீவர்: பழுதா, பிடிவாதமா?

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாவது உங்களுக்கு நேர்ந்திருக்கும். படம் வரும், சத்தம் வராது. சத்தம் வரும், ஆனால் வாயசைவுக்குப் பின்னால் வரும். சண்டைக் காட்சி உச்சத்தில் இருக்கும்போது ‘டக்’ என்ற ஒலியுடன் ரிசீவர் தானே அணைந்துவிடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யாது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினால் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்யும்.

எங்கள் வீட்டு ரிசீவர் 2017-ல் அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. சென்ற ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் இரவு பலத்த இடியுடன் மழை. மறுநாள் செட்டாப் பாக்ஸ் இயங்கவில்லை. கேபிள்காரர் புதிய பாக்ஸ் கொடுத்தார். அதிலிருந்து ரிசீவர் வழியாகப் படம் வரவில்லை. டிவி ஸ்டாண்டை இழுத்துப் போட்டு, கேபிளை வேறு துளையில் மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் வரவில்லை. அது போதாதென்று, அன்று மாலையிலிருந்து சத்தத்தைக் கூட்டினாலே ரிசீவர் அணையத் தொடங்கியது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, “மெயின் போர்டும் போய்விட்டது, ஆம்ப்ளிஃபையரும் போய்விட்டது. பழைய மாடல், பார்ட்ஸ் வராது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 2,000 ரூபாய் கிடைக்கும்” என்றார்கள். அப்பாவும் மனத்தைத் தேற்றிக்கொண்டு புது ரிசீவரின் விலையை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த ரிசீவர் இன்றும் எங்கள் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது. செலவு 300 ரூபாய்க்கும் குறைவு. எப்படி என்று சொல்வதற்கு முன், இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு பெட்டி, இரண்டு இயந்திரங்கள்

ரிசீவர் என்பது ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்ட இரண்டு இயந்திரங்கள். ஒன்று ஆம்ப்ளிஃபையர். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பவர் டிரான்சிஸ்டர்கள், ஹீட் சிங்க் இவைதான் அது. இதன் தொழில்நுட்பம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. ஒழுங்காகக் காற்றோட்டம் கிடைத்தால் 20 ஆண்டுகள் கூட உழைக்கும்.

மற்றொன்று கம்ப்யூட்டர். எச்.டி.எம்.ஐ. சிக்னலை வாங்கிப் பிரிப்பது, டால்பி, டி.டி.எஸ். ஒலியை டீகோட் செய்வது, நெட்வொர்க், வைஃபை எல்லாம் இதன் வேலை. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் போல இதுவும் ஹேங் ஆகும், சாப்ட்வேர் குழப்பம் செய்யும், சில ஆண்டுகளில் பழசாகிவிடும். எச்.டி.எம்.ஐ. முதல் பதிப்பு வெளியானது 2002 டிசம்பரில். 2017 நவம்பரில் 2.1 பதிப்பு வந்துவிட்டது. இடையில் எத்தனை மாற்றங்கள்!

நாம் ‘ரிசீவர் கெட்டுவிட்டது’ என்று சொல்லும்போது இந்த இரண்டில் எது கெட்டது என்று தெரியாமலேயே சொல்கிறோம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்று சோதனைகள்

பெட்டியைத் திறக்காமலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

1. ரேடியோ சோதனை: பெரும்பாலான ரிசீவர்களில் எஃப்.எம். ரேடியோ உள்ளேயே இருக்கிறது. நாம் அதைத் தொடுவதே இல்லை. எச்.டி.எம்.ஐ. கேபிள்களை எல்லாம் கழற்றிவிட்டு ரேடியோவைப் போடுங்கள். பாட்டு தெளிவாகக் கேட்டால் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் நலம். கோளாறு எச்.டி.எம்.ஐ. பக்கம்தான்.

2. ஸ்பீக்கர் சோதனை: ரிசீவர் தானாக அணைந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றுங்கள். பிறகு ஆன் செய்து சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் கோளாறு உள்ளே. அணையவில்லை என்றால் கோளாறு வெளியே. ஒவ்வொரு ஸ்பீக்கராக இணைத்துப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள்.

3. நேரடி சோதனை: படம் வராவிட்டால், அதே பாக்ஸை அதே கேபிளால் நேராக டிவியில் இணையுங்கள். படம் வந்தால் பாக்ஸும் கேபிளும் சரி. பிறகு ரிசீவரின் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளையிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ரேடியோ மெல்லிய சத்தத்தில் தெளிவாகக் கேட்டது. கூட்டினால் ‘டக்’. ஸ்பீக்கர்களைக் கழற்றியதும் ஒரு மணி நேரம் அணையாமல் இருந்தது. இடது ஸ்பீக்கரை இணைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. வலதை இணைத்ததும் அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ரிசீவரின் பின்புறம் அந்த ஒயரின் ஒரே ஒரு இழை, தலைமுடி அளவுதான், பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்டாண்டை இழுத்தபோது ஒயர் இழுபட்டு வெளியே வந்திருக்கிறது. இழையை முறுக்கி, பனானா பிளக் போட்டதும் அந்தப் பிரச்சினை முடிந்தது. 300 ரூபாய் அந்த பிளக்குகளுக்கு ஆனதுதான்.

‘புரொடெக்ட்’ என்றால் என்ன?

இப்படி அணைவதை ‘புரொடெக்ட் மோட்’ என்பார்கள். பெயரே சொல்வது போல, ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஸ்பீக்கர் ஒயர் ஷார்ட் ஆனாலும், உள்ளே சூடு அதிகமானாலும், டிரான்சிஸ்டர் பழுதாகி ஸ்பீக்கருக்கு டி.சி. மின்சாரம் போகப் பார்த்தாலும் ரிலே திறந்துகொள்ளும். நமக்குக் கேட்கும் ‘டக்’ அதுதான்.

ஒரே டெர்மினலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாக மாட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு மின்னோட்டம் தர வேண்டியிருக்கும். அப்போதும் இதே கதைதான். புரொடெக்ட் விளக்கு எரியும்போது திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது தவறு. உண்மையிலேயே டிரான்சிஸ்டர் போயிருந்தால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

சூடுதான் முதல் எதிரி

சாதாரண ஆம்ப்ளிஃபையர் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. இந்தச் சூட்டில் முதலில் சாவது எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். இதற்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு ஆகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெபாசிட்டர், 75 டிகிரியில் 16,000 மணி நேரமும், 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் உழைக்கும். தினமும் 4 மணி நேரம் போட்டால் முதல் கணக்குக்கு 11 ஆண்டுகள், இரண்டாவதற்கு 22 ஆண்டுகள்.

அந்த 10 டிகிரி நம் கையில்தான் இருக்கிறது. கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை வைக்காதீர்கள். செட்டாப் பாக்ஸ், சாமி படம், துணி விரிப்பு எதையும் மேலே வைக்காதீர்கள். மேலே குறைந்தது அரை அடி இடைவெளி விடுங்கள். சென்னை, மதுரை வெயிலில் ஒரு சிறிய யு.எஸ்.பி. ஃபேன் வைத்தாலும் தகும். மாதம் ஒரு முறை தூசி தட்டுங்கள். கதகதப்பான இடம் என்று பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறுவதும், ஷார்ட் ஆக்குவதும் நம் ஊரில் சகஜம்.

எச்.டி.எம்.ஐ. என்னும் சந்தேகப் பேர்வழி

எச்.டி.எம்.ஐ. கேபிளில் படம் போவதற்கு முன்னால் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. முதலில் பாக்ஸ், “உனக்கு என்னென்ன தெரியும்?” என்று கேட்கும். ரிசீவர் தன் திறமையையும் டிவியின் திறமையையும் சேர்த்துச் சொல்லும். இந்தப் பட்டியல்தான் ஈ.டி.ஐ.டி. அடுத்து, “நீ திருட்டுக் காப்பி எடுக்கமாட்டாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்கும். இதுதான் எச்.டி.சி.பி. ரிசீவர் நடுவில் இருப்பதால் பாக்ஸிடமும் டிவியிடமும் தனித்தனியாக இதை முடிக்க வேண்டும். எங்காவது ஒரு பதில் தாமதமானால் திரை கறுப்பு.

அதனால்தான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் சரியாகிறது. பேச்சுவார்த்தை முதலிலிருந்து தொடங்குகிறது. ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் டிவி, பிறகு ரிசீவர், கடைசியாகப் பாக்ஸ் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள்.

4கே படங்களுக்குப் பொதுவாக எச்.டி.சி.பி. 2.2 தேவை. சங்கிலியில் ஒரு கருவிக்கு அது இல்லாவிட்டாலும் படம் தரம் குறைந்து வரும், அல்லது வராது. பழைய ரிசீவர் என்றால் 4கே பாக்ஸை நேராக டிவியில் மாட்டி, ஒலியை மட்டும் ஏ.ஆர்.சி. அல்லது ஆப்டிக்கல் கேபிள் வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்புங்கள். நல்ல ரிசீவரைத் தூக்கிப்போட வேண்டிய அவசியமில்லை.

சி.இ.சி. என்பது இன்னொரு தொல்லை. டிவியை அணைத்தால் ரிசீவரும் அணையும், பாக்ஸைத் தொட்டால் டிவி விழித்துக்கொள்ளும். சாம்சங் இதை அனிநெட் என்றும், எல்.ஜி. சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் நிறுத்தலாம். ஆனால் ஏ.ஆர்.சி. ஒலியும் கூடவே நின்றுபோக வாய்ப்பு உண்டு.

எங்கள் வீட்டில் இடி தாக்கியதில் 2-ம் எண் எச்.டி.எம்.ஐ. துளை உண்மையிலேயே இறந்துவிட்டது. அப்படியானால் 3-ல் மாட்டியபோதும் ஏன் வரவில்லை? ரிமோட்டில் ‘கேபிள்’ பொத்தான் 2-ம் துளையோடு பிணைக்கப்பட்டிருந்தது. கேபிளை மாற்றியவர்கள் பொத்தானை மாற்றவில்லை. செட்டப் மெனுவில் ‘இன்புட் அசைன்’ பகுதிக்குப் போய் 3 என்று மாற்றியதும் படம் வந்துவிட்டது.

சத்தம் பிந்தினால், இரைந்தால்

வாயசைவுக்குச் சத்தம் முந்தினால் ரிசீவரில் ‘ஆடியோ டிலே’ மதிப்பைக் கூட்டுங்கள். டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதே காரணம். சத்தம் பிந்தினால் டிலேயை 0 ஆக்குங்கள். டிவியிலும் ஒலித் தாமதம் எதுவும் வைக்கப்படவில்லை என்று பாருங்கள்.

சப்ஊஃபரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் இருந்தால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் லூப். அதற்கான ஐசொலேட்டர் கடைகளில் கிடைக்கிறது. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

தொழிற்சாலையிலேயே வந்த குறைகள்

எல்லாப் பழியும் நம்முடையதல்ல. 2009-க்குப் பின் சில ஆண்டுகள் வெளிவந்த ஓன்கியோ ரிசீவர்கள் சிலவற்றில் ஒலியும் நெட்வொர்க்கும் நின்றுபோகும் குறை இருந்தது. வாரண்டி முடிந்த பிறகும் 2018 இறுதி வரை அவற்றை இலவசமாகச் சரிசெய்து தந்தார்கள். 2020-ல் வந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா மாடல்கள் சிலவற்றில், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் இருந்து நொடிக்கு 120 ஃபிரேம் 4கே படம் அனுப்பினால் திரை கறுத்தது. காரணம் எச்.டி.எம்.ஐ. 2.1 சிப். சாப்ட்வேர் அப்டேட்டால் தீராத குறை அது. டெனான், மராண்ட்ஸ் 2021-ல் ஒரு இணைப்புப் பெட்டியை இலவசமாகத் தந்தன. யமஹா போர்டையே மாற்றித் தர முன்வந்தது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. புதுத் தொழில்நுட்பம் வந்த முதல் ஆண்டிலேயே அதை வாங்க ஓடாதீர்கள். மாடல் எண்ணைத் தேடி, தெரிந்த குறைகள் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சர்வீஸுக்குப் போகும் முன்

மேலே சொன்ன மூன்று சோதனைகளின் முடிவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். “ரிசீவர் ஓடவில்லை” என்று சொல்லாமல், “ரேடியோ நன்றாகக் கேட்கிறது, 2-ம் துளையில் மட்டும் படம் இல்லை” என்று சொல்லுங்கள். எந்த போர்டு, எந்த பாகம், என்ன விலை என்று எழுத்தில் கேளுங்கள். மழைக்காலத்தில் இடி கேட்டதும் மெயின் பிளக்கை மட்டுமல்ல, கேபிள் டிவி ஒயரையும் கழற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் இடி வந்த வழி அதுதான்.

ஒரு துளை செத்ததோடு சரி, மற்ற மூன்று துளைகளும் ஆம்ப்ளிஃபையரும் நலமாக இருக்கின்றன. அன்று மாலை அப்பா பழைய பாட்டு ஒன்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ரிசீவர் அணையவில்லை. “இதையா 2,000 ரூபாய்க்குக் கொடுக்கச் சொன்னான்?” என்று மட்டும் கேட்டார்.