கடைக் கணக்கில் தண்ணீர்

வீண்செலவு செய்பவரைப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறார் என்கிறோம். ஆனால், சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடை நடத்துபவருக்குத் தண்ணீரே பணம்தான். அரிசி விலையையும் மீன் விலையையும் நாள்தோறும் பார்க்கும் கடைக்காரர், தண்ணீர்க் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. அதை இன்று நாம் பார்ப்போம்.

2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, கடைகளுக்கு ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், குடிநீரின் விலை பொருள் சேவை வரி நீங்கலாக 3 வெள்ளி 24 காசு. இதில் தண்ணீர்க் கட்டணம், 1991 முதல் விதிக்கப்படும் தண்ணீர்ச் சேமிப்பு வரி, கழிவுநீர்க் கட்டணம் ஆகிய மூன்றும் அடங்கும். வீணாக ஓடும் நீருக்கும் இம்மூன்றையும் கட்டுகிறோம்.

பாத்திரம் கழுவும் குழாயின்கீழ் ஒரு வாளியை வைத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நீர் நிறைகிறதென்று அளந்து பாருங்கள். 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மணி நேரம் திறந்திருந்தால் 1,800 லிட்டர் ஓடும். நீரோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு கருவியைப் பொருத்தி அதை 6 லிட்டராகக் குறைத்தால், நாளுக்கு 720 லிட்டர் மிச்சம். 30 நாளில் ஏறக்குறைய 70 வெள்ளி; 12 மாதத்தில் 840 வெள்ளி. ஒரு வெள்ளி விற்பனையில் 10 காசு இலாபம் என்றால், அந்த 840 வெள்ளியைச் சம்பாதிக்க 8,400 வெள்ளிக்கு வியாபாரம் நடக்க வேண்டும் அல்லவா?

பனியில் உறைந்த இறைச்சியைக் குழாய் நீரில் இளக்குவதும் வீணே. முதல்நாள் இரவே அதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் தானே இளகிவிடும். தட்டுகளை முதலில் வழித்துவிட்டுக் கழுவினால், குறைந்த நீரிலேயே சுத்தமாகும். சுத்தத்தில் மட்டும் சிக்கனம் கூடாது.

கடை மூடும்போது மீட்டர் எண்ணைக் குறித்து வைத்து, மறுநாள் காலை குழாயைத் திறக்குமுன் மீண்டும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் கழிவறைத் தொட்டியே குற்றவாளி.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. குழாயைத் திறப்பவர் தொழிலாளி. கட்டணம் செலுத்துபவர் முதலாளி. மீட்டர் காட்டும் அளவை இருவரும் சேர்ந்து பார்த்தாலன்றிச் சிக்கனம் நிலைக்காது. மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு தொழிலாளியின் கைக்கும் போனால், குழாயை மூட யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.