கணினி அறையின் வாயிற்காப்போன்

தளத்தின் பெயரைத் தட்டியதும் நம் கணினி நேரே அங்கே செல்கிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பள்ளி, கல்லூரிகள் பலவற்றில் அப்படியன்று. இடையே 'ப்ராக்ஸி' என்னும் கணினி நின்று, நமக்காகத் தானே சென்று வேண்டியதைப் பெற்று வருகிறது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்பதும் அதன் கையில்தான். இப்பணிக்கான மென்பொருள்களுள் 1996ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்குவிட்' பெயர் பெற்றது. ஸ்குவிட் என்றால் கணவாய் மீன். பெயர்தான் வேடிக்கை, வேலையில் கண்டிப்பு மிகுதி!

விடுதி வாயிலிலுள்ள பார்வையாளர் ஏட்டைப் போல, ஸ்குவிட் தன் விதிகளை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு. அடுத்தவற்றைத் திரும்பியும் பாராது. ஆகவே 'அனைவரையும் தடு' என்ற வரிக்குக் கீழே எத்தனை அனுமதிகள் எழுதினாலும் பயனில்லை.

தளத்தின் பெயரோடு 'போர்ட்' எண்ணும் உண்டு. ஒரே கட்டடத்தின் பல கதவு எண்கள் எனலாம். சாதாரணப் பக்கங்களுக்கு 80. மறையாக்கப் பக்கங்களுக்கு 443. மறையாக்கப் பக்கங்களுக்கு ப்ராக்ஸி ஒரு சுரங்கப்பாதை மட்டுமே அமைத்துத் தரும். உள்ளே செல்வது இன்னதென அது அறியாது. தடையில்லாவிடில் அப்பாதையை அஞ்சலுக்குரிய 25ஆம் கதவுக்குத் திருப்பி, குப்பை அஞ்சல்களைக் குவிக்கலாம். எனவே 443 தவிரப் பிற எண்களுக்குச் சுரங்கமில்லை என்ற தடைவரி தொடக்கத்திலேயே எழுதப்பட்டு வருகிறது.

தோழியரே, ஒரு தேர்வு விண்ணப்பத் தளம் 8443ஆம் எண்ணில் இயங்குகிறது என்று கொள்வோம். இன்று கடைசி நாள், பக்கம் திறக்கவில்லை. அவசரத்தில் சிலர் 443க்குப் பக்கத்தில் 8443ஐயும் சேர்த்துவிடுவர். பக்கம் திறக்கும், கூடவே உலகிலுள்ள எல்லாத் தளங்களின் 8443ஆம் கதவுக்கும் வழி திறந்துவிடும்! முறையான வழி வேறு. நம் அறைக் கணினிகள், அந்தத் தளம், அந்த எண் என்னும் மூன்றையும் ஒரே அனுமதி வரியில் எழுத வேண்டும். ஒரே வரியிலுள்ளவை யாவும் பொருந்தினால்தான் அனுமதி கிட்டும். அவ்வரி, சுரங்கத் தடைவரிக்கு மேலே இருத்தல் வேண்டும். தளத்தின் பெயருக்கு முன் ஒரு புள்ளி இட்டால் அதன் கிளைத் தளங்களும் அடங்கும்.

ஏட்டின் கடைசி வரி 'அனைவரையும் தடு' என்றே இருக்கட்டும். எவ்வரியிலும் பொருந்தாதவர்க்குக் கடைசி வரியின் நேர்மாறே தீர்ப்பு. அவ்வரி ஒருவரை மட்டும் தடுத்திருந்தால், மற்றவரெல்லாம் தாராளமாக உள்ளே நுழைவர். திருத்திய விதிகளை ஸ்குவிட் தானாகப் படிப்பதில்லை. மீண்டும் படிக்குமாறு அதற்குக் கட்டளையிட வேண்டும்.