துபாய்க்கு 4 மணி நேரம். மலை இறங்கவும் 4 மணி நேரம்!

கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து துபாய் ஆகாய மார்க்கமாகச் சுமார் 2,800 கி.மீ. தூரத்தில் உள்ளது. விமானம் இதை ஏறக்குறைய 4 மணி நேரத்தில் கடந்து விடுகிறது. மூணாறிலிருந்து நெடும்பாசேரி சுமார் 110 கி.மீ. தூரந்தான். ஆனால் இதற்கும் ஏறக்குறைய 4 மணி நேரம் பிடிக்கிறது!

தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகிறவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

வளைந்து செல்லும் பாதை

விமானம் கூடியவரை குறுக்கு வழியில் பறக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் மூணாறுக்கும் நெடும்பாசேரிக்கும் 75 கி.மீ.கூட இராது. ஆனால் பஸ் அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் என்று சுற்றி இறங்க வேண்டும். வாளறை முதல் நேரியமங்கலம் வரை காட்டுப் பாதை. மழைக்காலத்தில் மரம் விழும், மண் சரியும். அதன் பின்னரே, பெரியாற்றின் குறுக்கே 1935-ல் திறக்கப்பட்ட பாலம் வரும்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயிலை 1924 பெருவெள்ளம் அழித்து விட்டது. இன்று இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் உள்ள ஓடுதளத்தில் 2022 டிசம்பரில் ஒரு சிறு விமானம் இறங்கியது. ஆனால் அது என்.சி.சி. மாணவர் பயிற்சிக்கானது. குமுளிப் பகுதியினர் மதுரை விமான நிலையத்துக்குச் செல்லலாம். சாலை வழியே சுமார் 140 கி.மீ.

பாலக்காட்டின் வசதி

பாலக்காடு மாவட்டத்திலும் விமான நிலையம் இல்லை. எனினும் கணவாய் வழியே சமதளமான சாலை இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் மக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் கோவை பீளமேடு விமான நிலையத்தை அடைந்து விடலாம். சார்ஜாவுக்கு அங்கிருந்தே விமானம் உண்டு.

டிக்கெட்டில் உள்ள நேரம்

துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. கொச்சியில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் பகல் 12.30-க்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கும். இரண்டரை மணிப் பிரயாணம் என்று எண்ணிவிடக் கூடாது. பறப்பது 4 மணி நேரம். திரும்பும்போது இதே ஒன்றரை மணி கூடுதலாகத் தெரியும். டிக்கெட்டில் குறிப்பவை அந்தந்த ஊர் நேரங்களே.

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருப்பது நல்லது. 10 மணி விமானமானால் 7 மணிக்கு. அதாவது, மூணாறில் விடியற்காலை 3 மணிக்கே வண்டி ஏற வேண்டும். மழைக்காலமானால் முதல் நாளே இறங்கி விடுவது உத்தமம். வழியில் ஒரு மரம் விழுந்து மறித்தாலும் டிக்கெட் பணம் போகும்; விசா முடியும் நாளாயிருந்தால் வேலையும் போகும்.