மோட்டார் வண்டியின் மேல் ஒரு தோணி

கிறீன்லாந்துக் கரையோரத்து இனுயிற் வேட்டுவன், கரையொதுங்கிய மரத்தாற் சட்டம் அமைத்து, அதன்மேற் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துத் தன் தோணியைச் செய்தான். ஒருவனே சுமந்து செல்லத்தக்க இலேசான தோணி அது. கயாக் என்பது அதன் பெயர். ஐரோப்பியர் அதனை விளையாட்டுக்கும் உலாவுக்கும் கையாளத் தொடங்கியபோது, அதை நீர்க்கரைக்குக் கொண்டுசெல்வது எவ்வாறு என்ற வினா எழுந்தது. ஜேர்மனியில் அல்பிறெட் ஹொய்றிக் என்னும் மாணவர் 1905ஆம் ஆண்டில் மடிக்கக்கூடிய கயாக் ஒன்றை அமைத்தார். 1907இல் றோசன்ஹைம் நகரத் தையற்காரர் யோகான் கிளெப்பர் அதனைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றார். பைகளில் அடங்கிய அத்தோணி புகைவண்டியிலே பயணஞ் செய்தது.

பின்னர்க் கண்ணாடி நாராலும் பிளாஸ்ரிக்காலும் கயாக்குகள் வார்க்கப்பட்டன. இவை மலிவானவை, உறுதியானவை, ஆனால் மடியா. கடலிற் செல்லும் கயாக் ஒன்று ஏறத்தாழ 5 மீற்றர் நீளமுடையது. மோட்டார் வண்டிக்குள் அதற்கு இடமேது? ஆகவே பிரித்தானியாவிலும் பிற மேனாடுகளிலும் அது வண்டியின் கூரைமேல் ஏறிற்று. கூரைக்குக் குறுக்கே இடப்படும் இரு சட்டங்களே அதனைத் தாங்குவன.

தோணியின் நிறையைச் சுமப்பதே இத்தாங்கியின் தொழில் எனப் பலர் கருதுவர். அது பாதி உண்மையே. கயாக் ஒன்றின் நிறை 25 கிலோகிராம் அளவினது. அரை மூடை அரிசிக்கு மேற்படாது. வண்டி நிற்கும்வரை அதனால் ஒரு தொல்லையுமில்லை. வண்டி ஓடத் தொடங்கியதும் காற்றே பெருஞ்சுமையாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தாக்கம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அசையாதிருந்த தோணி, 100 கிலோமீற்றரில் முற்றும் வேறான சோதனைக்கு உள்ளாகிறது. முன்கண்ணாடியில் மோதி மேலெழும் காற்று, முன்னே நீண்டிருக்கும் அணியத்தின் அடியிற் புகுந்து, பட்டத்தைத் தூக்குவது போல அதனைத் தூக்க முயலும். எதிரே விரைந்து செல்லும் லொறியின் காற்றோ பக்கவாட்டில் உலுக்கும். ஆதலின் தாங்கியின் உயிர் அதன் சட்டங்களில் இல்லை. வண்டியைப் பற்றிநிற்கும் நான்கு பாதங்களிலேயே உண்டு.

பழைய வண்டிகளிற் கூரையின் இரு விளிம்புகளிலும் மழைநீர்ப் பீலி ஓடியது. அதிற் பாதத்தைக் கொளுவி முறுக்கினாற் போதும். ஏறக்குறைய எந்தத் தாங்கியும் எந்த வண்டிக்கும் பொருந்தும். வண்டியின் உடல் வழுவழுப்பாக அமைக்கப்படவே பீலி மறைந்தது. இன்று சில வண்டிகளிற் கூரையோரத் தண்டுகள் உள்ளன. சிலவற்றில் மூடியின் கீழே திருகுப் புரிகள் மறைந்துள்ளன. இரண்டும் இல்லாவிடிற் கதவு நிலையின் மேல்விளிம்பை உலோகத் தகட்டினாற் பற்றவேண்டும். மிகுந்த கவனம் வேண்டுவது இம்முறையே. ஒரு வகை வண்டிக்கென வளைத்த தகடு பிறிதொன்றைச் சரியாகக் கௌவாது. பாதத்தின் றப்பருக்குக் கீழ் மணல் இருந்தாற் பிடியும் தளரும், வர்ணமும் தேயும். ஒரு பக்கத்தை முற்றாக இறுக்கிவிட்டு மறுபக்கம் செல்லாமல், இருபுறமும் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்குதல் வேண்டும். பின்பு சட்டத்தைப் பற்றி உலுக்கினால் வண்டி முழுவதும் அசைதல் நன்று. சட்டம் மட்டும் அசைந்தால் வேலை முடியவில்லை.

இரு சட்டங்களும் வண்டி இடங்கொடுக்கும் அளவுக்கு விலகியிருப்பது நலம். நெருங்கியிருந்தால் தோணி தராசுக்கோல் போல் ஆடும். கூரை எவ்வளவு நிறை தாங்கும் என்பது வண்டியின் கைந்நூலிற் கூறப்பட்டிருக்கும். அது 50 கிலோகிராம் ஆயின், இரு கயாக்குகளோடு கணக்கு முடிந்துவிட்டது எனல் தவறு. தாங்கியின் நிறையும் அவ்வைம்பதுக்குள் அடங்கவேண்டும்.

தோணியை அகன்ற நெசவுப் பட்டிகளாற் கட்டுவர். பற்சக்கர முறுக்கியைக் கொண்டு இறுக்கினால் வலிமை மிகுந்து தோணி வெடிக்கவுங்கூடும். வெயிலில் இளகிய பிளாஸ்ரிக் குழிந்துவிடும். அணியத்திலிருந்தும் பின்முனையிலிருந்தும் வண்டியின் இழுவை வளையங்களுக்குக் கயிறு கட்டுதலைச் சிலர் அழகற்றதென விட்டுவிடுகின்றனர். இது வீண் துணிவு. பாதமொன்று கழன்றாலும், தோணி பின்வரும் வண்டியின்மேற் பாயாது தடுப்பது அக்கயிறே. அதனைத் தளர்வின்றிக் கட்டினாற் போதும். தோணி வளையுமாறு இழுக்கலாகாது. சிறிது தூரம் ஓடியபின் வண்டியை நிறுத்திக் கட்டுகளை மீண்டும் பார்த்தல் வேண்டும்.

சுமை பின்புறம் 1 மீற்றருக்கு மேல் நீண்டால் அது தெளிவாகத் தெரியுமாறு செய்யவேண்டும் என்பது பிரித்தானிய விதி. 2 மீற்றரைக் கடந்தால் வரியிட்ட அடையாளப் பலகையும் தேவை. உயரத்துக்கும் எல்லையுண்டு. கடற்கரை வண்டித் தரிப்பிடங்கள் பலவற்றின் வாயிலிற் குறுக்குச் சட்டம் ஒன்று தாழ்வாக நிற்கும். தோணியோடு கூடிய வண்டியின் உயரத்தை அளந்து, சாரதியின் கண்ணிற்படும் இடத்தில் எழுதி ஒட்டிவைப்போர் உளர்.