கருநாடக இசையும் மேனாட்டு நரம்பிசையும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே, ஏலமும் காப்பியும் செழிக்கும் குரங்கணி மலைச்சரிவுகள் உயர்ந்து நிற்கின்றன. அம்மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டித் தெற்கு நோக்கிச் சென்றால், பண்ணைப்புரம் என்னும் சிற்றூரை அடையலாம். இசையமைப்பாளர் இளையராஜா 1943-ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அது. இளமையில் தம் தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்த அவர், பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்றார். 1976-இல் வெளிவந்த அன்னக்கிளி முதலாக, கிட்டாரும் டிரம்சும் முழங்கும் திரைப்பாடல்களில் வயலின் கூட்டிசையையும் இணைத்துப் புகழ் பெற்றார். எனினும், திரைப்படத்திற்கு அப்பால் 1986-இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பே இங்கு நாம் கருதத்தக்கது. தியாகராசருக்கும், செருமானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்கிற்கும் அது காணிக்கையாக்கப்பட்டது.

இவ்விருவரையும் ஓர் அவையில் அமர்த்துவது எளிதன்று. கருநாடக இசை ஒற்றை இழையாய் ஓடுவது. ஒருவர் பாட, வயலின் அவரையே பின்தொடரும். மேனாட்டு இசையிலோ ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்கள் ஒலித்து ஒன்றோடொன்று இயையும். இதனை ஆர்மனி என்பர். அவ்வாறு இயைய வேண்டுமாயின் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாது நிற்றல் வேண்டும். நம் இராகங்களின் உயிரோ அசைவில் இருக்கிறது. தோடி இராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது. ஊஞ்சல் போல ஆடும். இவ்வசைவே கமகம். ஆடும் சுரத்தின் அருகே மற்றொரு கருவி அதே சுரத்தை அசையாமல் ஒலித்தால், செவிக்கு அது பிழையாகவே படும். அசைவை நீக்கிவிட்டாலோ, தோடி தோடியாய் இராது.

வயலினும் மேனாட்டிலிருந்து வந்ததே. முத்துசாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைக் கற்றார். ஐரோப்பியர் மோவாய்க்கடியில் இடுக்கி வாசிக்கும் கருவியை, நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைப் பாதத்தின்மேல் ஊன்றி வாசிக்கலாயினர். கருவியைத் தாங்கும் வேலை நீங்கவே இடக்கை நரம்பின்மேல் தடையின்றி வழுக்கியது; கமகம் எளிதாயிற்று. ஆர்மோனியத்தில் இது கைகூடாது. அதன் கட்டைகள் சுரத்துக்குச் சுரம் தாவுமேயன்றி வழுக்குவதில்லை.

இளையராஜாவின் அத்தொகுப்பில் தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அவர் பின்னர் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' என்னும் நால்வர் குழுவை அமைத்தார். இரண்டு வயலின்கள், சற்றுப் பெரிய வியோலா, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஆகிய நான்கும் சேர்ந்த அமைப்பு ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் ஹைடன் காலத்தில் உருப்பெற்றது. அவ்வமைப்பில் நரசிம்மன் கீர்த்தனைகளை ஏற்றினார். முதல் வயலின் கீர்த்தனையைக் கமகத்தோடு வாசிக்க, மற்ற மூன்றும் தாளில் எழுதிய துணைவரிகளை இசைக்கும். ஆடாச் சுரங்களாகிய சட்சமும் பஞ்சமமும் இத்தகைய துணைவரிகளுக்கு ஏற்ற தூண்கள். ஆடும் சுரம் வருங்கால் அதனைத் தொடாது விலகி நிற்பதில்தான் எழுதுவோரின் திறம் புலப்படும்.

இது மரபைச் சிதைக்கும் என்போரும் உளர். துணைக்கருவிகள் உரத்து ஒலித்துக் கமகத்தை மூழ்கடிக்குமிடத்து அவர் கூற்று மெய்யே. மாணவர்கள் ஒரே கீர்த்தனையை முதலில் பாடகர் வாயிலாகவும், பின்னர் இத்தகைய நரம்பிசையிலும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். ஆடும் சுரம் வரும் இடத்தில் செவியைச் சற்று நிறுத்துக.